ஐந்தாவது கட்டி

ஸ்கேன்காரம்மா நாலு என்றாள். எம்.ஆர்.ஐ. ஐந்து என்றது. பத்தொன்பது வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் அவள் எழுதிக் கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள், அதுவும் சொந்தத் தம்பி பெண்டாட்டி விஷயத்தில்.

அவள் முறையாகப் படித்த டாக்டர்தான். ஆனால் முதல் மாடிக் கோடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, வயிறு வயிறாக ஜெல்லைத் தடவி ஸ்கேன் பார்ப்பதே பிழைப்பாகிப் போனதால் வாசல் காவலாளி முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் ஸ்கேன்காரம்மா. முதுகுக்குப் பின்னால் 'கழுகு' என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பிடிக்கவும் செய்யும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "மூச்சைப் பிடிங்கன்னா பிடிக்கணும், கதை சொல்லக் கூடாது" என்று யாரையும் அதட்டுவாள். கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் ஜெல்லைத் துடைத்து, ஆளை எழுப்பி உட்கார வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வாள்.

தம்பி பெண்டாட்டி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். முப்பத்து நாலு வயது, கல்யாணமாகி ஏழு வருஷம். ஒன்றரை வருஷமாக அவளுக்கு மாதத்தில் பத்து நாள் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. இருக்கையில் கறுப்புத் துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினாள். பிள்ளைகளெல்லாம் இறங்கிப் போன பிறகுதான் தான் இறங்கினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு நாள் வீட்டுப் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்கற நாத்தனாரை வச்சுக்கிட்டு இத்தனை நாள் மறைச்சிருக்கியே, உன்னை என்ன பண்றது?" என்றாள் ஸ்கேன்காரம்மா.

"சொன்னா திட்டுவீங்கன்னுதான் அண்ணி."

"சொல்லலைன்னா மட்டும் கொஞ்சுவேனா?"

திட்டிக்கொண்டேதான் ஸ்கேன் பார்த்தாள். கர்ப்பப்பையில் நாலு நார்க்கட்டிகள். உச்சியில் ஒன்று, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியது. முன்சுவரில் ஒன்று, பின்சுவரில் ஒன்று, இடது ஓரத்தில் கோலிக்குண்டு அளவில் ஒன்று. புற்றுநோய் மாதிரி எதுவும் இல்லை; ஆனால் ரத்தசோகை ஆளைத் தின்றுகொண்டிருந்தது. கட்டிகளை எடுத்தாக வேண்டும். கர்ப்பப்பையை விட்டுவிட்டுக் கட்டிகளை மட்டும் எடுக்க வேண்டும். ஏனென்றால் அவளுக்குக் குழந்தை வேண்டும். அதை அவள் அடிக்கடி சொல்லிக்கொண்டு திரிகிறவள் இல்லை. அன்று ஜெல்லைத் துடைக்கும்போது ஒரே ஒரு தடவை சொன்னாள். "அடுத்தவங்க பிள்ளைங்களைத்தான் அண்ணி தினம் பத்திரமா கொண்டுபோய் வீட்ல விடறேன்." 

ஆபரேஷன் செய்யப்போவது பெரிய டாக்டர். அறுபதைத் தொடும் அம்மாள்; கை சுத்தம், பேச்சு அளவு. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் வெள்ளைத் தாளில் பென்சிலால் கர்ப்பப்பையை வரைந்து, ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு எண் போட்டு, தியேட்டர் சுவரில் ஒட்டிவிடுவார். எடுக்க எடுக்க ஒவ்வொன்றாகத் தட்டில் விழும். நர்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொல்வார். தட்டில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகும் வரை தையல் ஊசியைத் தொட மாட்டார். சின்ன வயதில் ஒரு கட்டியை உள்ளேயே விட்டுத் தைத்து, அந்தப் பெண் இரண்டாம் முறை மேஜையில் படுக்க வேண்டி வந்ததாம். அன்றிலிருந்து இந்தக் கணக்கு.

நாலு கட்டி என்றதும் பெரிய டாக்டர், "ஒரு எம்.ஆர்.ஐ.யும் எடுத்துடுவோம். ஸ்கேன்ல தெரியாத இடமும் அதுல தெரியும்" என்றார். ஸ்கேன்காரம்மாவுக்கு லேசாகச் சுருக்கென்றது. ஆனாலும் சொந்தத்தில் ரோஷம் பார்க்க முடியுமா? "எடுங்க, எடுங்க" என்று தலையாட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் பெரிய டாக்டர் அறையில் எல்லோரும் கூடினார்கள். மேஜைமேல் இரண்டு ரிப்போர்ட்டும் அக்கம்பக்கமாகக் கிடந்தன. ஆபரேஷன் வியாழக்கிழமை.

"உங்க மூணாவதுலேருந்து வருவோம். பின்சுவருக்குள்ள இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இதுல, வெளியே ஒரு காம்புல தொங்குதுன்னு இருக்கு" என்றார் பெரிய டாக்டர்.

ஸ்கேன்காரம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். காம்பு கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. யானைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் யானை தம்பி முன்னால் சறுக்க விரும்புவதில்லை. "அது சரிதான். என் கண்ணுக்குச் சுவரோட ஒட்டித் தெரிஞ்சுது" என்றாள்.

"அது நல்ல சேதிதான், காம்பை வெட்டினா போதும். இன்னொண்ணுதான் நல்லதா இல்ல. அஞ்சாவது ஒண்ணு இருக்கு. கீழ்ப்பக்கம், உள்சவ்வை ஒட்டி, மூணு சென்டிமீட்டர்."

"அஞ்சாவதா? எனக்கு அங்க எதுவும் தெரியலையே."

"அதுக்கு நேர் முன்னாலதானே உங்க ரெண்டாவது கட்டி உட்கார்ந்திருக்கு?"

அதுதான் வம்பு. ஸ்கேன் என்பது ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் காட்டுவது. பெரிய கட்டி குறுக்கே இருந்தால் அதன் பின்னால் இருட்டுப் பட்டை ஒன்று விழும். அந்த நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று கழுகாலும் பார்க்க முடியாது. எம்.ஆர்.ஐ.க்கு அந்தத் தொல்லை கிடையாது. 

பெரிய டாக்டர் தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "நாலை எடுக்கறது பெரிய விஷயம் இல்லம்மா. அஞ்சாவது இருக்கற இடம் மோசம். பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய். உள்ளுக்குள்ள தோண்டித்தான் எடுக்கணும். ரத்தம் நிக்கலைன்னா உன் உயிரைக் காப்பாத்த கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். மூணு பேர்ல ஒருத்தருக்கு அப்படி ஆகலாம். அதுக்குத் தனியா கையெழுத்து வேணும்."

"அதை மட்டும் விட்டுட முடியாதா டாக்டர்?"

"ரத்தம் போறதுக்கே அது காரணமா இருக்கலாம். அதை விட்டுட்டு மத்ததை எடுத்து என்ன பிரயோஜனம்?"

தம்பி பயந்தால் தமாஷ் செய்கிறவன். "அப்ப நாலு எடுத்தா ஒண்ணு இலவசம்னு இல்லையா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை, அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே வராந்தாவில் தம்பி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவன் பெண்டாட்டி மெதுவாகக் கேட்டாள். "அண்ணி, நீங்க பார்க்கும்போது அது அங்க இல்லையா? இல்ல, கவனிக்காம விட்டுட்டீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "தெரியலம்மா" என்றாள் ஸ்கேன்காரம்மா. அந்த வார்த்தையை அவள் ஒரு நோயாளியிடம் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தான் எடுத்து வைத்திருந்த படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். சரியாக அந்த இடத்தில்தான் நிழல். இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் மனசு மட்டும் இல்லை, இல்லை என்று அடம்பிடித்தது. அந்த மனசின் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறோமோ? இந்தப் பெண்ணுக்காகத் தவிக்கிறோமா, இல்லை உடைந்த மூக்கை ஒட்டவைக்கப் பார்க்கிறோமா? நேர்மையாகச் சொன்னால் இரண்டும் கலந்துதான் இருந்தது. எது எத்தனை பங்கு என்று பிரிக்க அவளால் முடியவில்லை. பிரிக்கிற வரை காத்திருக்க நேரமும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள்.

எம்.ஆர்.ஐ. மெஷினை ஓட்டுகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும். மெஷினுக்காக அந்த இடத்தை எப்போதும் சில்லென்று வைத்திருப்பதால், வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் இரண்டு ஸ்வெட்டரும் கழுத்தில் மப்ளருமாக உட்கார்ந்திருப்பார். பெயர் குளிர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கலாம், யாருக்கும் ஞாபகமில்லை. அவரைப் பற்றி மேல்மாடியில் ஒரு புகார் உண்டு: ஆள் ரொம்ப மெதுவு. எல்லா வரிசைப் படங்களும் எடுத்து முடித்த பிறகு, முதலில் எடுத்த வரிசையையே கடைசியில் இன்னொரு தடவை எடுப்பார். யாரும் கேட்பதில்லை, யாரும் பார்ப்பதும் இல்லை. வெளியே காத்திருக்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். "கதவைப் பூட்டிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்க்கறதில்லையா, அந்த மாதிரி" என்பார் குளிர்.

"என் தம்பி பெண்டாட்டி படம். மூலப் படத்தையே பார்க்கணும்" என்றாள்.

அவர் முதல் வரிசையைத் திரையில் ஏற்றினார். உச்சியில் ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் காம்போடு ஒன்று, ஓரத்தில் ஒன்று. பிறகு கீழே, உள்சவ்வை அழுத்திக்கொண்டு, கறுப்பாக, உருண்டையாக, ஐந்தாவது.

"இருக்கு" என்றாள் அவளே.

"இருக்கு மேடம்" என்றார் குளிர்.

அவ்வளவுதான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. மேலே போய் அந்தப் பெண்ணிடம் 'நான்தான் பார்க்காமல் விட்டுவிட்டேன்' என்று சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது என்று வாக்கியத்தைக்கூட மனசுக்குள் கூட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"கடைசியா எடுத்தது ஒண்ணு இருக்கு. பார்த்துட்டுப் போங்களேன்."

"அதேதானே?"

"அதேதான். எடுத்தது எடுத்தாச்சு, ஒருத்தராவது பார்த்தா எனக்கும் மனசு ஆறும்."

பாவம் என்று நின்றாள். அவர் பழையதைப் பாதித் திரையிலும் கடைசி வரிசையை மறுபாதியிலும் வைத்து ஓட்டினார். உச்சிக் கட்டி இரண்டு பக்கமும் இருந்தது. முன்னது இருந்தது. காம்பு இருந்தது. ஓரத்துக் கோலிக்குண்டு இருந்தது. கீழே இடது பாதியில் கறுப்பு உருண்டை. வலது பாதியில் அந்த இடம் வழவழவென்று, சவ்வு நேர்க்கோடாக ஓடியது.

"பேரைப் பாருங்க" என்றாள். அதே பேர். "எத்தனாவது படம்?" அதே எண். "நேரம்?"

"முப்பத்து நாலு நிமிஷ வித்தியாசம்."

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.  நடுவில் எடுத்த வரிசைகளையும் வாங்கிப் பார்த்தாள். கறுப்பு உருண்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வந்திருந்தது. தெரிந்துகொண்டு பார்த்தால் தெரிகிறது. தெரியாமல் பார்த்தால் ஏதோ மங்கல் என்று தோன்றும். கட்டி அரை மணியில் கரையாது. கர்ப்பப்பை என்பது தசை. அது சும்மா இருக்கும்போதும் எப்போதாவது ஓரிடத்தில் இறுகி, முஷ்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு, பிறகு தளரும். இறுகிய நேரத்தில் படம் எடுத்தால் அசல் கட்டி மாதிரியே இருக்கும். இது அவளும் படித்ததுதான், ரிப்போர்ட் எழுதியவரும் படித்ததுதான். ஆனால் அரை மணி நேரம் எடுத்த படங்களை ஒரே நொடியில் எடுத்ததாக நினைத்துப் பார்ப்பது அந்தத் தொழில்காரர்களுக்கே உரிய தவறு. முதல் வரிசை பளிச்சென்று இருந்தால் அதிலேயே எல்லாவற்றையும் அளந்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள்.

"உங்களை மெதுவுன்னு எவனாவது சொல்லட்டும், நான் பார்த்துக்கறேன்" என்றாள் ஸ்கேன்காரம்மா.

"நீங்களே சொல்லியிருக்கீங்க மேடம்."

"நான் ஆயிரம் சொல்வேன்."

உடனே மேலே ஓடத்தான் கால் பரபரத்தது. ஆனால் கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். தனக்குச் சாதகமாக ஒன்று கிடைத்தால் அதை இன்னும் இரண்டு மடங்கு சந்தேகிக்க வேண்டும் என்று அன்று காலையிலிருந்து கற்றுக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட் எழுதிய டாக்டர் வேறு ஊரிலிருந்து கம்ப்யூட்டரில் பார்த்து எழுதுகிறவர். அவருக்குப் போன் போட்டாள். கட்டி இல்லை என்று சொல்லவில்லை. "கடைசி வரிசையைக் கொஞ்சம் திறந்து பாருங்க டாக்டர். என்ன தெரியுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மறுமுனையில் மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. "சுருக்கம்தான். நான் அதைத் திறக்கவே இல்ல. ரிப்போர்ட்டை மாத்தி இப்பவே அனுப்பறேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அந்தக் காம்பு காம்புதான்" என்றார்.

"காம்பு உங்களுது. அதை யார் கேட்டா?" என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

பெரிய டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டு படங்களையும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னொரு சாட்சி வேணும்" என்றார். மறுநாள் உப்புத் தண்ணீர் ஸ்கேன் செய்வதென்று முடிவாயிற்று. கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் உப்பு நீரை விட்டுக் கீழ்வழியாக ஸ்கேன் பார்ப்பது. உள்ளே சவ்வை ஒட்டி ஏதாவது முட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரில் தெளிவாகத் தெரிந்துவிடும். வயிற்றின் மேலிருந்து பார்க்கும்போது விழுந்த நிழலும் அதில் வழிமறிக்காது.

"நான் பண்ணல. நீங்க பிடிங்க டாக்டர்" என்றாள் ஸ்கேன்காரம்மா.

அவள் வாழ்க்கையில் அதைவிட நீளமான பத்து நிமிஷம் இருந்ததில்லை. பெரிய டாக்டர் கருவியைப் பிடித்தார். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினால் நன்றாக இருக்கும் என்று விரல் துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். தண்ணீர் இறங்கியது. திரையில் கர்ப்பப்பையின் உட்புறம் மெல்ல விரிந்தது. மேலே முன்கட்டி லேசாக அழுத்திய வளைவு ஒன்று. கீழே, அந்த இடத்தில், சவ்வு ஒரே சீராக ஓடியது. சவ்வுக்குப் பின்னால் தசையும் சீராகவே இருந்தது. பெரிய டாக்டர் கருவியை அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். மூன்று தடவை.

"ஒண்ணுமில்ல" என்றார்.

தம்பி பெண்டாட்டி படுத்தபடியே இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லைன்னா நல்லதா, கெட்டதா?"

"அஞ்சாவது கட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. படம் எடுக்கும்போது உன் கர்ப்பப்பை ஒரு தடவை இறுகி முறைச்சிருக்கு. அதைக் கட்டின்னு எழுதிட்டாங்க" என்றாள் ஸ்கேன்காரம்மா.

"அந்த மெஷின் போட்ட சத்தத்துக்கு யாரா இருந்தாலும் முறைப்பாங்க அண்ணி."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எல்லோருக்கும். பெரிய டாக்டர்கூடச் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது. கையுறையைக் கழற்றிக்கொண்டே ஸ்கேன்காரம்மாவிடம் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "தாள்ல அஞ்சுன்னு வரைஞ்சிருப்பேன். தட்டுல நாலுதான் விழுந்திருக்கும். என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். இல்லாததைத் தேடி, அந்த இடத்துலயே தோண்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

அதுவரை அவள் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.  பெரிய டாக்டர் புதுத் தாளை எடுத்து நாலு வட்டம் போட்டார். மூன்றாவதுக்கு ஒரு காம்பு வரைந்தார். கர்ப்பப்பையை எடுக்கும் வரி கையெழுத்துத் தாளில் இன்னமும் இருந்தது. "எந்த ஆபரேஷன்லயும் இந்த வரி இருக்கும். மூணுல ஒண்ணுன்னு சொன்னதை மட்டும் மறந்துடு" என்றார். தம்பி பெண்டாட்டி கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தியேட்டருக்கு வெளியே தம்பி நடைபாதைச் சதுரக் கற்களை எண்ணினான். இங்கிருந்து எண்ணினால் நாற்பத்தொன்று, அங்கிருந்து எண்ணினால் நாற்பது. "ஒரு கல்லு சுருங்கிடுச்சுக்கா" என்றான். "வாயை மூடிக்கிட்டு உட்காருடா" என்று அதட்டி, அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை ஐஸாக இருந்தது. எம்.ஆர்.ஐ.யும் ஸ்கேனும் உப்புத் தண்ணீரும் ஒன்று சேர்ந்து சொன்னால்கூட, வயிற்றைத் திறக்கும் வரை எதுவும் சத்தியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்லவில்லை.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. பெரிய டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வந்தார். "நாலு. தாளும் தட்டும் சரியா இருந்துச்சு. உள்சவ்வைத் தொடவே வேண்டி வரல. கர்ப்பப்பை பத்திரம். ரத்தமும் அதிகம் போகல" என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. தம்பி எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். தமாஷ் எதுவும் வரவில்லை அவனுக்கு.

மயக்கம் தெளிய மத்தியானம் ஆகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்கேன்காரம்மா உட்கார்ந்திருந்தாள். தம்பி பெண்டாட்டி கண்ணைத் திறக்காமலே உதட்டை அசைத்தாள்.

"எத்தனை அண்ணி?"

"நாலு."

 மறுபடி தூங்கிவிட்டாள் என்றுதான் ஸ்கேன்காரம்மா நினைத்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நகர்ந்து வந்து, கட்டுப்போட்ட வயிற்றின் மேல் படாமல் படிந்தது.

"மிச்சம்?"

"மிச்சமெல்லாம் உன்கிட்டயேதான் இருக்கு."

அவள் கண் திறக்கவில்லை. மூடிய இமைக்கடியிலிருந்து கண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது. ஸ்கேன்காரம்மா அதைத் துடைத்துவிட்டாள். தன்னுடையதைத் துடைக்க ஆளில்லை. அது பாட்டுக்கு வழிந்தது.